நிகண்டும் அகராதியும்: யாழ்ப்பாணத்தில் ஆங்கிலச் சொற்கல்வியின் சமூகப் பின்னணி

யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வி பற்றிய எழுத்துக்கள் பாடசாலைகளையும் அவற்றை நிறுவியோரையும் விரிவாகப் பேசுவன. மாணவன் ஆங்கிலச் சொல்லை எவ்வாறு மனங்கொண்டான், ஒத்த சொற்களையும் எதிர்ச்சொற்களையும் எந்தத் தேவை கருதித் திரட்டினான் என்ற வினா அவ்வளவு கவனம் பெறவில்லை. சிறிதாகத் தோன்றும் இவ்வினா மத்தியதர வர்க்கத்தின் உருவாக்கம் பற்றிய ஆய்வுக்கே எம்மை இட்டுச் செல்வது.

மிஷனரிமார் வந்தபோது இங்கு சொற்கல்வி இல்லாதிருக்கவில்லை. திண்ணைப் பள்ளியிலே சட்டம்பியாரிடம் மாணவன் முதலில் நெட்டுருப் பண்ணிய நூல்களுள் நிகண்டு முக்கியமானது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளைக் கொண்டது. முதற் பத்தும் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம், பண்பு, செயல் என வகுத்து ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தருவன. பதினோராவது ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை எதுகை முறையிலே அடுக்குவது. விருத்தத்தில் அமைந்தமையால் அதனை ஓசையோடு பாடமாக்கலாம். ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குச் சென்று பதிப்பித்த நூல்களுள் இதுவும் ஒன்று என்பது அதன் பயன்பாட்டுக்குச் சான்று. இங்கு ஒத்த சொல்லின் பயன் செய்யுள் சார்ந்தது. மோனைக்கும் எதுகைக்கும் இசையுஞ் சொல்லைத் தெரிந்தெடுத்தலே நோக்கம். எதிர்ச்சொல்லுக்கென நிகண்டிலே தனித் தொகுதி இல்லை. அது யாப்பிலக்கணத்திலே முரண்தொடையாக இடம் பெற்றது.

இங்கிலாந்தின் சொல்நூல் மரபு வேறொரு சூழலிற் பிறந்தது. 1816இல் வெளிவந்த ஜோர்ஜ் கிராப்பின் நூல் ஒத்த சொற்களிடையே உள்ள நுண்ணிய பொருள் வேறுபாட்டை விளக்க முற்பட்டது. மருத்துவரான பீற்றர் மார்க் றொஜே 1852இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் சொற்களைக் கருத்துக்களின் அடிப்படையில் வகுத்து, எதிர்க் கருத்துக்களைப் பக்கம் பக்கமாக நிரல்களில் நிறுத்தியது. உரைநடையே அறிவின் பிரதான வாகனமாகிவிட்ட சமூகத்தின் தேவை அது. நிகண்டு சொற்களை ஒன்றுக்கு ஒன்று ஈடாக்கியது. இந்நூல்களோ அவற்றை வேறுபடுத்தின. நிகண்டுப் பயிற்சியோடு ஆங்கிலத்துள் நுழைந்தவன் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்ந்திருக்க மாட்டான். ஒன்று போதுமான இடத்தில் மூன்று சொற்களை அடுக்கும் விண்ணப்ப நடையை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம் என்பது எமது கருத்து. அதனைக் கேலி செய்வோர் பலர். காரணத்தைத் தேடுவோர் சிலர்.

இவ்விரு மரபுகளும் நேருக்கு நேர் சந்தித்த களம் அமெரிக்க மிஷன் 1823இல் தொடக்கிய வட்டுக்கோட்டை செமினரியாகும். அங்கு ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே பயிலப்பட்டன. கணிதமும் வானியலும் பாடங்களாயின. 1841இல் தோன்றிய ‘உதயதாரகை’ இரு மொழிகளையும் ஒரே இதழில் ஏந்தி வந்தது. 1842இல் மானிப்பாய் அச்சகத்திலிருந்து வெளிவந்த யாழ்ப்பாண அகராதி 58,000க்கு மேற்பட்ட தமிழ்ச் சொற்களைத் தொகுத்தது. 1862இல் வின்சிலோவின் பெயரால் வெளியான தமிழ்–ஆங்கில அகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. முகப்பிலே பாதிரிமாரின் பெயர் நின்றது. உள்ளே கிடந்த உழைப்பிற் பெரும்பங்கு உள்ளூர்ப் பண்டிதர்களுடையது. நிகண்டை மனப்பாடமாக அறிந்தோர் இன்றேல் அவ்வகராதிகள் எவ்வாறு உருவாகியிருக்கும்?

இங்கே ஒரு முரண்பாடு முற்றியது. மிஷன் எதிர்பார்த்தது சுதேச போதகர்களை. ஆங்கிலம் கற்ற இளைஞரோ அரசாங்க உத்தியோகத்தையும் வணிக நிறுவனங்களையும் நாடினர். தலைமைச் சபையின் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் தலைமையில் வந்த குழுவினரின் தீர்மானத்தை ஒட்டி 1855இல் செமினரி மூடப்பட்டது. தாய்மொழிக் கல்வி வற்புறுத்தப்பட்டது. தாய்மொழி மீது கொண்ட பற்று அன்று இதன் காரணம். கற்பித்தவரின் நோக்கத்தைக் காலனித்துவப் பொருளாதாரத்தின் தேவை வென்றமையே காரணம். இரண்டு ஆண்டுகளின் பின், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினோர் செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையுமே. தாமோதரம்பிள்ளை பின்னர் ஏடுகளை ஒப்புநோக்கிக் கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்தார். இரு சொல் மரபுகளும் ஒருவரிடத்தே இணைந்தபோது விளைந்த பயனுக்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் வேறு வழி கண்டார். 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கெனக் கலைச்சொற்களை ஆக்கினார். ஆங்கிலச் சொல்லைப் பாடமாக்காமலே அதன் பொருளை உடைமையாக்கலாம் என்பதற்கு அது சான்று. ஆயினும் உத்தியோகச் சந்தையில் அவ்வழிக்கு மதிப்புக் குறைவு.

அச்சந்தையின் அளவுகோல் பரீட்சை. 1880இல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. மலாயாவின் புகையிரதப் பகுதியும் அரசாங்கக் கந்தோர்களும் யாழ்ப்பாணத்து லிகிதரை ஈர்த்தன. சொல் இப்போது சம்பளத்துக்கான கருவி. மார்க்சியர் பரிவர்த்தனைப் பெறுமதி என்பதனை அது பெற்றது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியும் 1890இல் இந்துக் கல்லூரியும் தோன்றின. மதத்தால் மாறுபட்டு நின்றவை ஆங்கிலத்தின் பயன் குறித்து மாறுபடவில்லை. இச்சொற்செல்வம் யாவர்க்கும் கிட்டியதுமன்று. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்க வேண்டும் என 1929இல் பணிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு, எழுத்தறிவின் வாயிலில் சாதி எவ்வாறு காவல் நின்றது என்பதைக் காட்டுகிறது. ஒத்த சொல் கற்கும் முன்னர் ஒத்த வாங்கில் இருக்கும் உரிமைக்கே போராட வேண்டியிருந்தது.

1945இன் இலவசக் கல்வியும் அதன் பின்வந்த தாய்மொழிப் போதனையும் பலருக்கு உயர்கல்வியைத் திறந்தன. 1956இன் தனிச் சிங்களச் சட்டம் ஆங்கிலம் கற்ற லிகிதரின் நிலத்தையே அசைத்தது. ஆங்கிலம் மறையவில்லை, வசதி படைத்தோரின் வீட்டுக்குள் ஒதுங்கியது. போர்க்காலப் புலப்பெயர்வு அதனை மீண்டும் தெருவுக்குக் கொண்டுவந்துள்ளது. இன்று குடாநாட்டுத் தனியார் கல்வி நிலையங்களில் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் இளைஞர் ஆங்கிலச் சொல், ஒத்த சொல், எதிர்ச்சொல் என நிரல்களை எழுதி மனனம் பண்ணுகின்றனர். நிகண்டை மனனம் பண்ணியவன் ஊரிலே செய்யுள் பாட எண்ணினான். லிகிதர் ஓய்வூதியத்தோடு ஊருக்குத் திரும்ப எண்ணினார். இந்நிரலை எழுதுபவர்களுட் பலர் விசாவுக்கு விண்ணப்பித்திருப்பவர்கள்.