செத்துப்போன ஃபிளாக்கும் 46 கோடி டாலரும்

மென்பொருள் தோல்விகளைப் பற்றித் தேடிப் படிக்கிறவர்கள் நைட் கேப்பிட்டல் கதையைத் தாண்டிப் போக முடியாது. 2012 ஆகஸ்ட் 1, புதன்கிழமை காலை. அமெரிக்காவின் பெரிய பங்குத் தரகு நிறுவனங்களில் ஒன்றான நைட், சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. காரணமாக வழக்கமாகச் சொல்லப்படுவது ஒரே வரிதான்: எட்டு சர்வரில் ஒன்றுக்குப் புது கோடை காப்பி பண்ண ஒரு ஊழியர் விட்டுட்டார்.

அந்த வரி பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதைகூட இல்லை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் (நம்ம ஊர் செபி மாதிரி) 2013 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவைப் பொறுமையாகப் படித்தால், இந்தக் கதை 2003-இல் ஆரம்பிக்கிறது என்று தெரியும்.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடலாம். நைட்டிடம் ஸ்மார்ஸ் என்றொரு மென்பொருள் இருந்தது. நிறுவனத்தின் மற்ற மாட்யூல்களிலிருந்து 'தாய் ஆர்டர்' இதற்கு வரும். இது அதைச் சின்னச் சின்ன 'சேய் ஆர்டர்'களாக உடைத்துச் சந்தைக்கு அனுப்பும். ஆர்டரை எப்படிக் கையாள வேண்டும் என்பதைச் சொல்ல, கூடவே ஒரு ஃபிளாக் வரும். ஃபிளாக் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஆமா-இல்லை என்கிற ஒரு குறி. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் அந்தக் குறிக்கு ஒரே அர்த்தம் கொள்ள வேண்டும். இரண்டு மாட்யூலுக்கும் நடுவில் இருக்கிற ஒப்பந்தமே அவ்வளவுதான்.

இனி மூன்று ஆண்டுகள்.

2003: ஸ்மார்ஸில் 'பவர் பெக்' என்றொரு வசதி இருந்தது. அதைப் பயன்படுத்துவதை நைட் நிறுத்தியது. ஆனால் கோடை அழிக்கவில்லை. கூப்பிட்டால் ஓடுகிற நிலையிலேயே உள்ளே கிடந்தது.

2005: தாய் ஆர்டர் கேட்ட அளவு பங்குகள் கிடைத்துவிட்டனவா என்று எண்ணிப்பார்க்கும் பகுதியை, ஸ்மார்ஸுக்குள் வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். பவர் பெக் எப்போது நிற்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்ததே அந்தக் கணக்குதான். மாற்றத்துக்குப் பிறகு பவர் பெக்கை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. யாரும் பயன்படுத்தாத கோடை யார் சோதிப்பார்கள்? ஆக, தூங்குகிற வண்டியின் பிரேக் கழன்றுபோனது.

2012: நியூயார்க் பங்குச் சந்தை, சில்லறை முதலீட்டாளர்களுக்கான ஒரு புதுத் திட்டத்தை ஆகஸ்ட் 1 அன்று தொடங்கவிருந்தது. அதற்காக நைட் புது கோட் எழுதியது. பவர் பெக்கின் இடத்தில் அது உட்கார வேண்டும். கூடவே, முன்பு பவர் பெக்கை எழுப்பிய அதே ஃபிளாக்கைப் புது வசதிக்குக் கொடுத்தார்கள்.

என் பார்வையில் விபத்து நடந்த இடம் இதுதான். புது சிம் கார்டு வாங்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே புரியும். எண் உங்களுடையது, ஆனால் கடன் வசூல்காரர் பழைய ஆளைத் தேடி உங்களைத்தான் கூப்பிடுவார். எண் கைமாறிய செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை.

ஜூலை 27 முதல் புது கோடை சர்வர்களில் ஏற்றினார்கள். ஏழில் ஏறியது, எட்டாவதில் ஏறவில்லை. இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை, அப்படிப் பார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான விதியும் இல்லை.

ஆகஸ்ட் 1 அன்று ஃபிளாக்குடன் ஆர்டர்கள் வந்தன. ஏழு சர்வர்கள் அதைப் புது அர்த்தத்தில் படித்தன. எட்டாவது பழைய அர்த்தத்தில் படித்து, பவர் பெக்கை எழுப்பியது. நிறுத்தச் சொல்லும் கணக்கு இல்லாததால் அது ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. 212 தாய் ஆர்டர்களுக்கு 40 லட்சம் வர்த்தகங்கள். 154 நிறுவனங்களின் 39.7 கோடிப் பங்குகள்.

சந்தை திறக்கும் முன்பே, காலை 8 மணி வாக்கிலிருந்து, பவர் பெக் பெயரைச் சொல்லியே 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவை எச்சரிக்கை என்று வடிவமைக்கப்பட்டவை அல்ல, அதனால் யாரும் கவனிக்கவில்லை.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமான பாடம். பிரச்சினையை நிறுத்த, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புது கோடை எடுத்துவிட்டார்கள். "புதுசு ஏத்தினோம், உடைஞ்சுது, பழசுக்குப் போயிடுவோம்." நம் துறையில் யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் ஃபிளாக்குடன் ஆர்டர்கள் வருவது நிற்கவில்லை. அந்த ஏழும் இப்போது பழைய அர்த்தத்தில் படிக்க ஆரம்பித்தன. பிரச்சினை இன்னும் பெரிதானது.

ஒரு மாட்யூல் தனியாகப் 'பழைய நல்ல வெர்ஷன்' ஆக முடியாது. எதனுடன் பேசும்போது நல்லது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஜோடியில் ஒன்றை மட்டும் பின்னுக்கு இழுத்தால், யாரும் ஒருபோதும் சோதித்திராத ஒரு புது ஜோடி பிறக்கிறது.

புது வசதிக்குப் புது ஃபிளாக் கொடுத்திருந்தால்? அதே ஊழியர் அதே சர்வரை விட்டிருந்தாலும், எட்டாவது சர்வருக்கு அந்தக் குறி புரிந்திருக்காது. ஆர்டர் நிராகரிக்கப்பட்டிருக்கலாம், வேறு வழியில் போயிருக்கலாம். வாடிக்கையாளர் திட்டியிருப்பார். ஆனால் பவர் பெக் எழுந்திருக்காது. புரியாமல் போவது சின்ன விபத்து, தப்பாகப் புரிவது பெரிய விபத்து.

கூகுள் 2008-இல் பொதுவெளிக்குக் கொடுத்த புரோட்டோகால் பஃபர்ஸில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. ஒரு புலத்தை நீக்கினால் அதன் எண்ணை மறுபடி வேறெதற்கும் கொடுக்கக் கூடாது, ஒதுக்கி வைத்துவிட வேண்டும். எண்ணுக்குப் பஞ்சமா என்ன?

நைட் சில நாட்களில் 40 கோடி டாலர் முதலீடு வாங்கி உயிர்பிழைத்தது. அடுத்த ஆண்டே கெட்கோவுடன் இணைந்து தனி நிறுவனமாக இல்லாமல் போனது. ஆணையம் போட்ட அபராதம் 1.2 கோடி டாலர்.

அந்த ஊழியர் விட்ட சர்வர் ஒன்றுதான். 2003-இல் அழிக்காத கோட், 2005-இல் சோதிக்காத மாற்றம், 2012-இல் மறுபடி எடுத்த ஃபிளாக், இவற்றை ஒரு ஆள் தலையில் கட்ட முடியாது. உங்கள் கான்ஃபிக் கோப்பிலும் யாரும் பயன்படுத்தாத பெயர் ஏதாவது இருக்கும். அதைப் படிக்கிற கோடை முதலில் எடுங்கள். பெயரை மட்டும் யாருக்கும் தானம் பண்ணாதீர்கள்.