அரை மணி நேர நியாயம்

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை. ஹவாய்த் தீவுகளின் பேர்ல் துறைமுகத்தில் நின்றிருந்த அமெரிக்கக் கப்பல்கள் மீது ஜப்பானிய விமானங்கள் திடீரென்று குண்டு வீசின. 2,403 அமெரிக்கர்கள் உயிரிழந்தனர்.

ஜப்பான் ஏன் இப்படிச் செய்தது? அவ்வாண்டு அமெரிக்கா அதற்கு எண்ணெய் விற்பதை நிறுத்தியிருந்தது. டச்சுக்காரர் வசமிருந்த இந்தோனேசியத் தீவுகளைப் பிடித்தால் எண்ணெய் கிடைக்கும். அமெரிக்கக் கடற்படை குறுக்கே வரக்கூடாது. நீண்ட போரில் ஜெயிக்க முடியாது என்று அட்மிரல் யமமோட்டோவுக்கே தெரியும். எனவே முதல் அடியைப் பலமாக அடித்துவிட்டு, பிறகு சமாதானம் பேசலாம் என்பது கணக்கு.

முன்னறிவிப்பின்றிப் போர் தொடங்கக்கூடாது என்கிறது 1907 ஹேக் உடன்படிக்கை. ஜப்பானும் அதை ஏற்ற நாடுதான். தாக்குதலுக்கு அரை மணி நேரம் முன்பு வாஷிங்டனில் ஒரு கடிதம் கொடுக்கத் திட்டமிட்டார்கள். தூதரகத்தில் தட்டச்சு செய்யத் தாமதமாகி, குண்டு விழுந்த பிறகே அது போய்ச் சேர்ந்தது. தாமதம்தான் பழிக்குக் காரணம் என்பார்கள் சிலர். ஆனால் அக்கடிதத்தில் போர் அறிவிப்பே இல்லை! பேச்சுவார்த்தையில் பயனில்லை என்று மட்டுமே இருந்தது. நேரத்துக்குப் போயிருந்தாலும் அது எச்சரிக்கை ஆகியிருக்காது.

சரி, கணக்காவது பலித்ததா? விமானந்தாங்கிக் கப்பல்கள் அன்று துறைமுகத்தில் இல்லை. எண்ணெய்க் கிடங்குகளும் தப்பின. போர் வேண்டுமா வேண்டாமா என்று பிளவுபட்டிருந்த அமெரிக்கர்கள் ஒன்றுபட்டார்கள். மறுநாள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் போருக்கு எதிராக விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.

சமாதானம் பேச எதிரியின் நம்பிக்கை வேண்டும். ஜப்பான் முதல் குண்டிலேயே அழித்தது அதைத்தான்.