மிட்கார்டின் தெருநாய்

ஓகூஸில் குடியிருக்கிறவனுக்குக் கோபன்ஹேகனை எதிலாவது மிஞ்சிவிட வேண்டும். சி++ நிரல்மொழியைப் படைத்த பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1950இல் பிறந்ததும் படித்ததும் எங்கள் ஊரில்தான் என்று மார்தட்டுவேன். கணினி விளையாட்டு என்று வந்தால் மட்டும் தலைநகருக்கு விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித் துறையின் சுருக்கப் பெயர் டிக்கு. அங்கே ஐந்து மாணவர்கள் 1990 வாக்கில், பலர் கணினி வலையில் ஒன்றாக ஆடும் ‘மட்’ வகையைச் சேர்ந்த ஏபர்மட் என்ற விளையாட்டைப் பார்த்துவிட்டு, சி மொழியில் டிக்குமட்டை எழுதினார்கள். படமே கிடையாது, எல்லாம் எழுத்து. மிட்கார்ட் என்ற ஊரின் கோயிலில் கண்விழிப்போம். தெற்கே கோயில் சதுக்கம், இன்னும் தெற்கே சந்தை. ஒரு பூதத்தை அடிக்கச் சொல்லி ஒருமுறை தட்டினால் போதும், சில விநாடிக்கு ஒருதரம் வெட்டு தானாக விழும். எனக்குப் பிடித்தது ஃபிடோ என்ற தெருநாய். நாம் கொன்றுபோட்ட பிணத்தை அது தின்றுவிடும். துப்புரவுக்காரர் வந்து குப்பையைப் பொறுக்குவார். நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் ஊர் தன்பாட்டுக்கு இயங்கியது. மற்ற மட்களைவிட இதில் என்னைக் கட்டிப்போட்டது அதுதான்.

நிரலை இலவசமாகக் கொடுத்தார்கள். காசு பண்ணக்கூடாது, நுழைவுத் திரையில் ஐவர் பெயரும் இருக்க வேண்டும் என்பவை முக்கிய நிபந்தனைகள். மெர்க், சர்க்கிள், ராம் என்று வம்சம் பெருகியது. 1999இல் எவர்குவெஸ்ட் என்ற இணைய விளையாட்டு வந்ததும், அதில் டிக்குமட்டின் சாயலைக் கண்டு சந்தேகம் கிளம்பியது. நிரலை எடுக்கவில்லை என்று அதன் நிறுவனம் 2000இல் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தது; டேனிஷ்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள். சாயலுக்கு யார் வழக்குப் போட முடியும்?