நம் ஐயாமார் ஏறிய கப்பல்கள்

எம் வீட்டிற்கு நான்கு வீடு தள்ளி வசிக்கும் முதியவர் ஒருவரும் அவர்தம் ஆச்சியும் சென்ற ஆண்டு சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பலொன்றில் ஏறிப் பினாங்கு முதலிய துறைகளைக் கண்டு மீண்டனர். அவருக்கு வயது 81, ஆச்சிக்கு 75. பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த பேரப்பிள்ளைகள் நால்வரும் முகப்பில் அவர்களைச் சூழ்ந்திருந்து கதை கேட்டபொழுது யானும் உடனிருந்தேன். பதினெட்டு அடுக்குக் கப்பல் என்றும், அதனுள்ளே நாடகசாலை உண்டென்றும், உண்ண உண்ணக் குறையாத போஜனசாலை உண்டென்றும் சொல்லக் கேட்டுப் பிள்ளைகள் வாய் பிளந்தனர். அப்பொழுது சின்னப் பேத்தி, “ஐயா, முன்னே நீங்கள் வேலைக்குப் போன கப்பலிலும் நீந்துகிற குளம் இருந்ததா?” என்று வினவினாள். ஐயா நகைத்து, “அந்தக் கப்பலிற் குடிக்கிற தண்ணீருக்கே வரிசையில் நிற்க வேண்டுமடி, ஆத்தா” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை, பேச்சு மறுபடியும் உல்லாசக் கப்பலுக்கே போய்விட்டது.

அந்த ஒரு வார்த்தையோடு நின்றுபோன கதை எது என்பதை நம் சமூகத்துப் பிள்ளைகள் அறிதல் வேண்டும் என்னும் விருப்பத்தால் இதனை எழுதலானேன்.

முதற்கண் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுதல் நலம். நம்மவருட் சிலர், முதலாம் இராசேந்திர சோழன் கி.பி. 1025ஆம் ஆண்டையொட்டிக் கடாரத்தின்மேற் கலஞ் செலுத்திய ஞான்றே நம் முன்னோரும் அக்கலங்களிற் சென்றனர் என்று மேடைதோறும் பேசி வருகின்றனர். கடாரம் கொண்டமை மெய்க்கீர்த்தியால் விளங்கும். தமிழ் வணிகர் கீழ்க்கடற் றீவுகளில் வணிகம் புரிந்தமைக்கும் கல்வெட்டுச் சான்று உண்டு. ஆயினும் அவ்வணிகர் நம் குடியினரே என்று துணிதற்கு யான் அறிந்தமட்டிற் சான்று யாதும் இல்லை. இல்லாத பெருமையை ஏற்றிக்கொள்ளுதலால் உள்ள பெருமையும் ஐயத்துக்கு இடமாகிவிடும். நம்மவரின் கடல்வழித் தொழில் ஆங்கிலர் ஆட்சியோடு ஒட்டி வளர்ந்த ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கொழும்பிலும், பின்னர்ப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம்மவர் கடை வைத்தனர். 1852ஆம் வருஷத்து யுத்தத்தால் கீழ்ப்பர்மா ஆங்கிலர் கைப்பட, இரங்கூன் நம்மவருக்குத் திறந்தது. சென்ற இடந்தோறும் நம் முன்னோர் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனராதலின், நம் வருகையின் காலத்தைக் கோயில்களைக் கொண்டே ஒருவாறு கணிக்கலாம். பினாங்கு அருவிச்சாலைக் கோயில் 1857ஆம் வருஷத்தது. சிங்கப்பூர் டாங்கு ரோட்டுக் கோயில் 1859ஆம் வருஷத்தது. சைகோனிலும் நம்மவர் கோயில் இன்றும் உள்ளது.

முதலிற் சென்றோர் பாய்மரக் கலங்களிற் சென்றனர். காற்றை நம்பிய பயணமாதலின் பருவம் பார்த்தே புறப்படல் வேண்டும். போய்ச் சேரும் நாளை ஒருவரும் சொல்ல இயலாது. 1856இல் கல்கத்தாவையும் பர்மாவையும் இணைக்கத் தோன்றி, 1862இல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி எனப் பெயர் பூண்ட கப்பற் கம்பெனியின் நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கிய பின்னரே நாள் குறித்துப் புறப்படவும், நாள் குறித்துத் தந்தி கொடுக்கவும் முடிந்தது. லேவாதேவித் தொழிலுக்கு நாட்கணக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை நம்மவருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நீராவிக் கப்பல் இல்லையேல் மூன்று வருஷக் கணக்கு என்னும் நம் முறையும் இவ்வளவு ஒழுங்காக நடந்திராது என்பது என் துணிபு.

மலேயாவுக்குச் சென்ற நம்மவரின் நினைவில் நிற்பது ‘ரஜூலா’ என்னும் கப்பல். 1926இல் கட்டப்பெற்ற அக்கப்பல், இடையில் யுத்தப் பணி புரிந்த காலம் ஒழிய, ஏறக்குறைய ஐம்பது வருஷம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறை, சிங்கப்பூர் என்பன அதன் தங்குதுறைகள். நாகையிற் கப்பல் கரையை அணையாது, கடலில் நிற்கும். பிரயாணிகள் படகேறிச் சென்று, அலையில் ஏறியும் இறங்கியும் ஆடும் படகிலிருந்து கப்பலின் ஏணியைப் பற்றுதல் வேண்டும். மேற்கூறிய ஐயா 1963இல் தம் பத்தொன்பதாம் வயதில் இவ்வாறு ஏறியவரே. பேரப்பிள்ளைகள் உறங்கச் சென்ற பின்னர் யான் வற்புறுத்திக் கேட்டதனாற் சில சொன்னார். தளப் பிரயாணிக்கு அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. ஏறியவுடன் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து இடம் பிடித்தல் வேண்டும். இயந்திரச் சூட்டிற்கு அருகில் இடம் வாய்த்தவன் தூங்கமாட்டான். கழிப்பிடத்திற்கு அருகில் இடம் வாய்த்தவன் உண்ணமாட்டான். முதல் இரண்டு நாள் தலைசுற்றும் வாந்தியுமே. மூன்றாம் நாள் எழுந்து, வீட்டிற் கொடுத்துவிட்ட சீப்புச்சீடையையும் மாவுருண்டையையும் அடுத்த பாய்க்காரரோடு பகிர்ந்துகொண்டால் அன்று முதல் அவர் உறவினர் ஆகிவிடுவார். அப்படி உறவான தஞ்சாவூர் முஸ்லிம் அன்பர் ஒருவரோடு தமக்கு முப்பது வருஷம் கடிதப் போக்குவரத்து இருந்தது என்றார். பறக்கும் கோலாமீன்கள் கூட்டமாய் எழுந்து வீழ்தலையும், பினாங்குக் குன்று முதலிற் கருமேகம் போலவும் பின்னர்ப் பச்சையாகவும் தோன்றுதலையும் அவர் சொன்னபோது அவர் குரலே வேறாயிருந்தது. இவற்றை ஏன் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை என்றேன். “ஏழ்மைக் கதை கேட்டுப் பிள்ளைகள் என்ன செய்யப் போகிறார்கள்?” என்றார்.

இங்கே மகளிரைப் பற்றி ஒன்று கூறாது மேற்செல்ல இயலாது. கடல் கடந்து செல்லுதல் மகளிரோடு கூடி நிகழ்தல் வழக்கன்று என்று தொல்காப்பியம் கூறும். அச்சூத்திரத்திற்கு வேறு பொருள் உரைப்பாரும் உளர். அவர் எவ்வாறு உரைப்பினும், நம் குலத்தில் அது நெடுங்காலம் எழுத்துக்கு எழுத்து நடைபெற்றது. பதினாறு வயதிற் பெட்டியடிப் பையனாகச் சென்றவன், அடுத்தாளாகி, மேலாளாகி, ஒவ்வொரு கணக்கு முடிந்தும் சில மாதம் ஊரில் இருந்து மறுபடியும் கப்பலேறுவான். இல்லக்கிழத்தி அத்துணை வருஷமும் தேக்குத் தூண்களுக்கிடையே தனித்திருந்து, வரவு செலவு பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, நன்மை தீமைக்கு நின்றாள். கொண்டுவிற்கச் சென்றவரைப் பற்றி ஆயிரம் பேசும் நாம், இருந்து நடத்தினவரைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதிற்றிலம். இந்தக் குறை என்னையும் சேர்ந்ததே.

இனிப் பர்மாவைப் பற்றிச் சொல்லல் வேண்டும். என் ஐயா 1936இல் தம் பதினாறாம் வயதில் இரங்கூன் சென்றவர். யான் சிறுவனாயிருந்தபோது, மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து அவர் சொன்ன கதைகள் இன்றும் செவியில் உள்ளன. நீலக் கடல் திடீரெனச் சேற்று நிறமாக மாறுமாம். அது ஐராவதியின் கழிமுகத்தை நெருங்கியதற்கு அடையாளமாம். ஆற்றிற் கப்பல் நுழைந்தபின் தொலைவில் ஷ்வேடகோன் பகோடாவின் பொன்முடி வெயிலில் மின்னுமாம். இறங்கி மொகல் தெருவுக்குச் சென்றால் நம்மூரே பெயர்ந்து வந்ததுபோல் இருக்குமாம். ஆனால் அக்கதை எப்பொழுதும் மொகல் தெருவில் முடிந்துவிடும். பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால், “பிறகு ஊருக்கு வந்துவிட்டேன்” என்பார்.

அவர் சொல்லாமல் விட்டது இரண்டு. ஒன்று சரித்திரத்தில் உள்ளது. பர்மாவில் 1929–30இல் அமைந்த பாங்கித் தொழில் விசாரணைக் கமிட்டியார், அந்நாட்டில் நம்மவர் கடைகள் சுமார் 1,650 என்றும், அவற்றிற் போட்ட முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபா என்றும் கணித்தனர். காடு திருத்தி நெல் விளைத்த பர்மிய உழவனுக்குக் கடன் கொடுத்தவர் பெரும்பாலும் நம்மவரே. அக்கடன் இல்லையேல் கீழ்ப்பர்மா உலகின் பெரிய நெற்களஞ்சியமாக ஆகியிராது. இது நம் பெருமை. ஆனால் 1930ஐ ஒட்டி நெல்விலை வீழ்ந்தது. உழவனால் வட்டியும் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த நம்மவர் நிலம், 1938இல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர். நம்மவர் விரும்பியது நிலம் அன்று, பணமே என்பதும், வேண்டாத நிலம் தலையில் விழுந்தது என்பதும் உண்மையே. ஆனால் நிலம் இழந்தவனுக்கு அந்த நியாயம் எங்ஙனம் ஆறுதலாகும்? அவன் தன் பேரனுக்குச் சொல்லும் கதையில் நம் ஐயாமார் எவ்வாறு தோன்றுவர் என்பதையும் நாம் சற்றே எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மற்றொன்று, அவர் தாமே பட்டது. 1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானியர் இரங்கூனில் குண்டு வீசினர். 1942 மார்ச்சு 8ஆம் நாள் அந்நகர் அவர் கைப்பட்டது. அதற்கு முன்னும் பின்னுமாக, கப்பலில் இடம் அகப்படாத இந்தியர் லட்சக்கணக்கினர் கால்நடையாகத் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். ஒரு சாரார் புரோமிலிருந்து டாங்கப் கணவாய் வழியாக அரக்கான் கரையை அடைந்து, அக்கியாபு வழியே சிட்டகாங் சென்றனர். ஒரு சாரார் தாமு வழியாக மணிப்பூர் சென்றனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பல்லாயிரவர்.

என் ஐயா 1994இற் காலமாயினார். அவர்தம் அறைப் பெட்டியில், சம்பளச் சீட்டுகளுக்கும் பழைய ஐந்தொகைகளுக்கும் அடியில், உள்ளங்கை அகலக் குறிப்புப் புத்தகம் ஒன்று இருந்தது. புரோம் முதல் அக்கியாபு வரை நாள்தோறும் எழுதிய செலவுக் கணக்கு அது. உயிர் தப்புமோ என்னும் நிலையிலும் கணக்கெழுதுதலை விடாத கை! ‘குடிநீர், ஒரு குவளை, ரூபா 1’ என்று பல இடத்தில் உள்ளது. ஓரிடத்தில், ‘பர்மியர் வீட்டில் இரண்டு இரவு. அரிசி. பணம் வாங்கவில்லை’ என்று உள்ளது. அவர் யார் என்று இல்லை. நம் கடைக்குக் கடன்பட்டவரோ, நிலம் இழந்தவரோ, அறியேன். அதற்கு நான்கு பக்கம் தள்ளி, உடன் வந்த பெட்டியடிப் பையனின் பெயருக்கு நேரே, அதுவரை அவனுக்கு ஆன செலவைக் கூட்டிக் கோடிட்டு, ‘கணக்கு நேர்’ என்று எழுதியுள்ளார். அடுத்த நாள் முதற் செலவு ஒருவருக்கே எழுதப்பட்டிருக்கிறது. ஐம்பத்திரண்டு வருஷம் இதனை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை; என் அப்பத்தாவிடமும் சொல்லவில்லை.

பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தன. 1948இல் சுதந்திரம் பெற்ற பர்மா, நிலங்களை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் செய்தது. 1962இல் இராணுவ ஆட்சி வந்து, 1964இல் கடைகளையும் எடுத்துக்கொண்டது. எஞ்சியிருந்தோரும் கப்பலேறி வெறுங்கையராய்த் திரும்பினர். ரஜூலா 1973இல் விற்கப்பட்டது. அதன்பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீப்பற்றியதோடு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இருந்த அந்தப் பிரயாணிக் கப்பற் போக்குவரத்தும் ஓய்ந்தது.

கப்பல்கள் போயின, ஏடுகளேனும் எஞ்சுமோ எனின், அவையும் போகின்றன. பழைய வீடு பிரிக்கும்போது தூணும் கதவும் விலைக்குப் போகின்றன. பேரேடுகளும் கடிதக் கட்டுகளும் எடைக்குப் போகின்றன. சென்ற ஆனியில் ஒரு பழஞ்சாமான் கடையில் இரங்கூன் முத்திரை இட்ட கடிதங்கள் பொட்டலம் மடிக்கக் கிடந்தன. கேட்ட விலை கொடுத்து வாங்கிவந்தேன். நம் சங்கத்தார் ஓர் அலமாரி ஒதுக்கித் தருவதாக இசைந்துள்ளனர். அன்பர்கள் தம் வீட்டில் உள்ள கப்பற் சீட்டு, கடிதம், குறிப்பு, கணக்கு எதுவாயினும், மூலத்தைக் கொடுக்க விருப்பமில்லையேற் படியேனும், சங்கக் காரியாலயத்திற் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். எண்பது கடந்தோர் உள்ள வீட்டார், பெரியவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவித்தனுப்பினும் நலம். பிழை திருத்துதல் என் பொறுப்பு.

முன்னே சொன்ன முதியவரின் வீட்டில் அத்தொழில் தொடங்கிவிட்டது. மறுநாட் காலை சின்னப் பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, “பினாங்கில் என்ன பார்த்தீர்கள், ஐயா?” என்றாள். அவர், “பழைய கடைத்தெரு ஒன்று பார்த்தோம்” என்றார். அருகில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆச்சி குறுக்கிட்டார்: “கடைத்தெருவா? ஒன்பது வருஷம் உறையின்மேல் நான் எழுதின விலாசம் அது. பினாங்குத் தெரு, கதவு எண்கூட மறக்கவில்லை. கப்பல் நின்ற ஆறு மணி நேரத்தில் எல்லாரும் மலைக்கு ரயிலேறப் போனார்கள். நான் அந்தக் கதவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஐயாவை அழைத்துக்கொண்டு போனேன். இப்பொழுது அங்கே கண்ணாடிக் கடை. கடைக்காரச் சீனர் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். ஐயாதான் வாசலிலேயே நின்றுகொண்டு வரமாட்டேன் என்றார்.”

பேத்தி எழுதுவதை நிறுத்தி, “ஏன் ஐயா?” என்று கேட்டாள்.