ஒரு பூனைக்குட்டியும் பழைய தபால்தலைகளும்



எனிட் பிளைட்டனின் 'ஃபேமஸ் ஃபைவ்' கதைகளை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அவர் சிறுமியாக இருந்தபோது ஆதரவற்ற பூனைக்குட்டி ஒன்றை எடுத்துவந்து, அம்மாவுக்குத் தெரியாமல் ஒளித்து வளர்த்தார். தெரிந்ததும் அம்மா அதை வெளியே அனுப்பிவிட்டார். அந்த வயதில் அவரால் என்ன செய்ய முடியும்? வீடும் அவருடையதல்ல, கையில் காசும் இல்லை.

1917-இல் மரியா டிக்கின் என்ற பெண்மணி, லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் ஒரு நிலவறையில் விலங்குகளுக்கு இலவச மருத்துவமனை திறந்தார். ஏழைகள் வளர்த்த பிராணிகளுக்கு அங்கே வைத்தியம் கிடைத்தது. பி.டி.எஸ்.ஏ. என்ற அந்த அமைப்பு 1934-இல் சிறுவர்களுக்காக 'பிஸி பீஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கியது. சுறுசுறுப்பான தேனீக்கள் என்று பொருள். 1950-களில் அதன் 'ராணித் தேனீ' ஆனவர் பிளைட்டன்!

காசில்லாத பிள்ளைகளும் பழைய தபால்தலைகளையும் வெள்ளித்தாளையும் சேர்த்து அனுப்பினார்கள். அவற்றை விற்ற பணம் வைத்தியச் செலவுக்குப் போனது. 1953 முதல் 1959 வரை பிளைட்டன் நடத்திய பத்திரிகை, இதையும் சேர்த்து நான்கு சிறுவர் சங்கங்களை ஆதரித்தது. விலங்குகளுக்கும் நலிவுற்ற குழந்தைகளுக்குமாக அவை திரட்டிய தொகை சுமார் 35,000 பவுண்டு.

உங்கள் வீட்டுப் பிள்ளை தெருவிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கிவந்தால் உடனே அதட்டாதீர்கள். வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லை என்றாலும், அதற்கு உதவ அந்தப் பிள்ளையால் முடிந்த ஒரு சின்ன வேலையையாவது கொடுங்கள்.