தண்டவாள ஓரத்துக் கீரை: மும்பையின் உணவுப் பாதுகாப்பில் நீரும் நில உரிமையும்

தாதருக்கு வடக்கே மத்திய ரயில் பாதையை ஒட்டியும், குர்லாவில் பிரிந்து செம்பூர் செல்லும் துறைமுகப் பாதையை ஒட்டியும் தென்படும் கீரைப் பாத்திகளைக் கண்டு முகம் சுளிக்கும் மும்பைவாசிகள், மொட்டைமாடித் தோட்டம் என்றால் மகிழ்ந்துபோகிறார்கள். உணவுப் பாதுகாப்பை முன்னிட்டுப் பார்த்தால் இந்த மதிப்பீடு தலைகீழானது. நகர வேளாண்மை இங்கே யாருக்குப் பயன்படும் என்பதை ஆர்வலர்களின் உற்சாகம் தீர்மானிப்பதில்லை. பாசன நீரின் தரமும் பயிரிடுவோரின் நில உரிமையுமே தீர்மானிக்கின்றன.

முதலில் தன்னிறைவுக் கனவைக் களைந்துவிடலாம். ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு 20 கிலோ வரை விளைவிக்கலாம் என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கு. அது உச்ச அளவு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனி தேவை என்று கொண்டால் ஆண்டுக்கு 146 கிலோ, அதாவது ஏழு சதுர மீட்டருக்கு மேல் நிலம் வேண்டும். மும்பையில் ஒருவருக்குக் கிடைக்கும் திறந்தவெளியோ ஒரு சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். ஆனால் கீரையின் கணக்கு வேறு. வெங்காயமும் உருளைக்கிழங்கும் லாரியில் நாட்கணக்கில் தாங்கும். பாலக்கும் வெந்தயக்கீரையும் ஒரே பகலில் வாடிவிடும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை கொட்டிச் சாலையும் ரயிலும் முடங்கியதுபோன்ற நாட்களில் முதலில் அறுபடுவதும் இத்தகைய சரக்கின் வரத்துதான். மகாராஷ்டிரத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. கீரையின் இரும்புச்சத்து உடலில் குறைவாகவே சேரும் என்பது உண்மை. ஆயினும் ஃபோலேட் என்ற சத்துக்காக மட்டுமே கூட அது ஏழையின் தட்டில் இருந்தாக வேண்டும்.

தண்டவாள ஓரத்துச் சாகுபடி புதுமோகமல்ல. 1940களின் ‘அதிக உணவு விளைவிப்போம்’ இயக்கத்தின் பெயரிலேயே ரயில்வே தன் காலி நிலத்தை ஊழியர்களுக்கு உரிமத்தின்பேரில் விட்டுவந்தது. பல இடங்களில் மண்ணைக் கொத்துகிறவர் வேறொருவர். அவருக்கு நிலத்தில் நிலையான பிடிப்பு இல்லை, குழாய் நீரும் இல்லை. பக்கத்துச் சாக்கடைதான் பாசன வாய்க்கால். நச்சுக் கீரை என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. கிருமிகளைச் சுத்திகரிப்பு பெருமளவு குறைக்கும். ஆலைக் கழிவோடு வரும் ஈயமும் காட்மியமும் அவ்வளவு எளிதில் போகா, கீரை இலைகளில் தங்கவும் செய்யும். ஆகவே தீர்வு, ஆலைக் கழிவைத் தொடக்கத்திலேயே பிரிப்பதும் மண்ணைச் சோதிப்பதும். பாத்தியை மட்டும் அழித்தால் சாக்கடை அப்படியேதான் ஓடும். கழிவுநீரை முறையாக ஆண்டால் உணவாக்க முடியும் என்பதற்கு, 2002இல் பன்னாட்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களின் மீன்குளங்கள் சான்று. அங்கும் உலோக மாசு பற்றிய கவலை இல்லாமலில்லை.

இவ்வளவு விலையுள்ள நிலத்தில் கீரையா என்பார்கள். ஆனால் ரயில் பாதையின் பாதுகாப்பு எல்லைக்குள் இருக்கும் கீற்றுகளில் அடுக்குமாடி எழுப்ப முடியாது. மாடித்தோட்டமே போதும் என்பது இதைவிட வலுவான வாதம். மும்பைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் உணவகக் கூரையில் சமையற்கழிவையே மண்ணாக்கிப் பயிரிட்டார்கள். நிறுவனமே கூரையும் நீரும் கழிவும் கொடுத்ததால் அது நிலைத்தது. தாராவியின் தகரக் கூரையில் இவற்றில் எதுவும் இல்லை. நீருக்கு மட்டும் ஒரு வழி உண்டு: மும்பையில் 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏழு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒன்று தாராவிக்கானது. அதன் நீரில் ஒரு பங்கைச் சோதனைக்குப்பின் பாத்திகளுக்குக் குழாயில் விடுவதும், உரிமத்தை உழுபவர் பெயரில் சில ஆண்டுகளுக்காவது எழுதிக்கொடுப்பதும் மாநகராட்சியும் ரயில்வேயும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய காரியங்கள்.