வெள்ளைக் குதிரையும் குதிரைக்காரரும்

மோட்டார் வாகனம் வருமுன், டயகம போன்ற மலையகத் தோட்டங்களில் துரைமார் குதிரையேறி மலை சுற்றினர். அக்குதிரைகளைப் பேணியவர்கள் பெரும்பாலும் தமிழ்க் குதிரைக்காரர்கள்.

அவர்களுக்கு அதிக வேலை வைத்தது வெள்ளைக் குதிரை. இரவில் சாணத்தின்மீதும் சிறுநீர் ஊறிய வைக்கோலிலும் அது படுத்தெழுந்தால், விடியும்போது மஞ்சட்கறை படிந்திருக்கும். காய்ந்த சாணத்தைத் தேய்த்து உதிர்த்தபின், சவர்க்காரமிட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவி, குளிர் தாக்குமுன் துடைத்து உலர்த்த வேண்டும். துணிக்கிடும் நீலத்தைக் கரைத்து வாலை அலசுவதும் பழைய முறை. ஈர வைக்கோலை உடனுக்குடன் அகற்றுவதே கறைக்கு முதல் மருந்து.

ஆங்கிலேயர் இவர்களை 'ஹார்ஸ்கீப்பர்' என்றனர். சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் வழங்கிய சொல்லென 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி அதனைப் பதிந்துள்ளது. துரைமார் பலரின் பெயர்கள் நூல்களில் நிலைத்தன. குதிரையை வெண்மையாக வைத்திருந்தவர்களுக்கோ தொழிற்பெயர் மட்டுமே எஞ்சியது.